டைட்ரேஷன் கணக்கு தவறிய நாள்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

கோவை, கால்வனைசிங் ஆலை ஆய்வகம்

படிப்பு முடித்து வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் நடந்தது இது. ஆலையில் இரும்புக்கு ஜிங்க் பூசுவார்கள். டவர் ஆங்கிள், தெருவிளக்குக் கம்பம், வேலிக் குழாய் என்று லாரி லாரியாகச் சரக்கு வரும். எண்ணெய்ப் பிசுக்கு போகக் காஸ்டிக்கில் கழுவி, துரு போக ஹைட்ரோகுளோரிக் ஆசிட் தொட்டியில் ஊறவைத்து, பிளக்ஸ் என்ற உப்புக் கரைசலில் முக்கி, 450 டிகிரி சூட்டில் உருகிக் கிடக்கும் ஜிங்கில் இறக்குவார்கள். துரு முழுசாகப் போகாத இடத்தில் ஜிங்க் ஒட்டாது. கறுப்புத் திட்டாக நிற்கும். அதனால் ஆசிட் தொட்டியின் திறனைத் தினமும் காலையில் டைட்ரேஷன் செய்து, அதாவது திறன் தெரிந்த காரம் எவ்வளவு விட்டால் ஆசிட் தீர்கிறது என்று அளந்து, பதிவேட்டில் எழுத வேண்டும். அதுதான் எனக்குக் கொடுத்த வேலை.

தொட்டியிலிருந்து 10 மில்லி எடுத்து 250 மில்லிக்குத் தண்ணீர் விட்டு நிரப்புவேன். அதில் 20 மில்லியைப் பிப்பெட்டில் எடுத்துக் குடுவையில் விட்டு, ஆசிட் தீர்ந்து காரம் மிஞ்சியதும் இளஞ்சிவப்பாகும் பினாப்தலீன் இரண்டு சொட்டு. பியூரெட்டில், அதாவது அளவுக் கோடு போட்ட குழாயில், 0.1 நார்மல் காஸ்டிக் சோடா (லிட்டரில் எத்தனை சமான எடை, அதாவது ஒன்றுக்கொன்று ஈடாக வினைபுரியும் எடை, இருக்கிறது என்பதே நார்மல்). கல்லூரியில் நூறு தடவை செய்த அதே வேலைதான்.

அன்றைக்கு ரீடிங் 22.6, 22.6, 22.7 என்று வந்தது. 22.6ஐ 0.1ஆல் பெருக்கி 20ஆல் வகுத்தால் 0.113 நார்மல். 25 மடங்கு நீர்த்திருக்கிறோம், ஆகவே தொட்டியில் 2.825 நார்மல். இந்த ஆசிட்டின் சமான எடையான 36.5ஆல் பெருக்கினால் லிட்டருக்கு 103 கிராம் ஆசிட். நல்ல தொட்டி என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

பத்து மணிக்கு சூப்பர்வைசர் அண்ணன் வந்தார். "தம்பி, ஆசிட் செத்துப் போச்சுங்க. காலையில போட்ட ஆங்கிள் இன்னும் கறுப்பாத்தான் கிடக்குது."

நான் பதிவேட்டைக் காட்டினேன். நூறுக்கு மேல் இருக்கிறது, இன்னும் கொஞ்ச நேரம் ஊறவையுங்கள் என்றேன். அவர் முப்பது வருடமாகத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றவர். ஆசிட் இரும்பைக் கடிக்கும்போது எழும் நுரையைப் பார்த்தே திறன் சொல்லக்கூடியவர். ஆனாலும் என் எண்ணுக்கு மரியாதை கொடுத்துத் திரும்பிப் போனார். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கஷ்டப்படுகிறது. இரண்டு நாள் சரக்கு அப்படியே ஜிங்கில் இறங்கித் திட்டுத் திட்டாக வெளியே வந்தது. எல்லாவற்றையும் மறுபடி ஆசிட்டில் உரித்து மறுபடி பூச வேண்டியதாயிற்று.

மூன்றாம் நாள் காலை நான் டைட்ரேஷன் செய்யும்போது அண்ணன் பக்கத்தில் வந்து நின்றார். குடுவையைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் கேட்டார்: "அதென்னங்க தம்பி, பச்சையா கொழகொழன்னு வருது?"

தினமும்தான் வந்தது. பாதி காஸ்டிக் இறங்கியபின் தெளிவாக இருந்த கரைசல் கலங்கும். அழுக்குப் பச்சையில் பாசி மாதிரி ஒன்று திரளும். குடுவையை ஆட்ட ஆட்ட, காற்றுப் படும் ஓரங்களில் அது பழுப்பாக மாறும். தொட்டி அழுக்கு என்று நினைத்து, அதற்குள்ளேயே இளஞ்சிவப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். அண்ணன் கேட்ட பிறகுதான் உறைத்தது. அது இரும்பு ஹைட்ராக்சைடு. மாதக்கணக்கில் துருவைத் தின்ற தொட்டியில் ஆசிட்டைவிட இரும்பு குளோரைடுதான் ஏறிக்கொண்டிருக்கிறது. பினாப்தலீன் நிறம் மாறுவதற்கு பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு) 8க்கு மேல் போக வேண்டும். அதற்குள் இரும்பும் தன் பங்குக்குக் காஸ்டிக்கைக் குடித்துவிடுகிறது. நான் எழுதிய 103இல் ஆசிட்டும் இரும்பும் சேர்ந்தே இருந்தன.

மெத்தில் ஆரஞ்சு என்ற இன்னொரு நிறங்காட்டி பிஎச் 3.1க்கும் 4.4க்கும் நடுவிலேயே மாறிவிடும். அந்த இடத்தில் தொட்டியில் உள்ள பெரஸ் இரும்பு (இரண்டு மின்னூட்ட இரும்பு) வீழ்படிவாவதில்லை. உடனே அதைப் போட்டுப் பார்த்தேன். 14.2 மில்லியில் சிவப்பு போய் ஆரஞ்சுக்கு வந்துவிட்டது. கணக்குப் போட்டால் லிட்டருக்கு 64.8 கிராம். அண்ணன் சொன்னது சரி, தொட்டி தளர்ந்துதான் போயிருந்தது. இரண்டு ரீடிங்குக்கும் உள்ள வித்தியாசம் 8.4 மில்லி. அது முழுக்க இரும்பு குடித்த காஸ்டிக் என்று எடுத்துக்கொண்டால் லிட்டருக்கு ஏறக்குறைய 29 கிராம் இரும்பு வருகிறது.

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்வேன். தொட்டியில் எடுத்த சாம்பிளை அன்றைக்கே பாருங்கள். திறந்து வைத்தால் காற்றுப் பட்டுப் பெரஸ் இரும்பு பெரிக்காக (மூன்று மின்னூட்ட இரும்பாக) மாறும். பெரிக் இரும்பு மெத்தில் ஆரஞ்சு மாறும் இடத்துக்கு முன்பே காஸ்டிக்கைக் குடிக்க ஆரம்பித்துவிடும். இன்னொன்று, சிவப்பிலிருந்து ஆரஞ்சு பார்ப்பது கண்ணுக்குச் சிரமம். ஏற்கனவே முடித்த குடுவை ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

உங்களுக்கும் இப்படி ஒரு நாள் இருந்திருக்கும். எழுதுங்கள்.


புதுக்கோட்டை மாவட்டம், மேல்நிலை வகுப்பு வேதியியல் ஆசிரியை

மூன்று ரீடிங்கும் ஒத்து வந்தும் விடை தவறாக இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். என் வகுப்பிலும் அப்படி ஒன்று நடந்தது, ஆனால் காரணம் வேறு.

பன்னிரண்டாம் வகுப்பு செய்முறை. ஆக்சாலிக் அமிலத்தை அடர் ஊதா நிறப் பெர்மாங்கனேட் கரைசலால் தரம் பார்க்கும் பரிசோதனை. முதலில் மோர் உப்பு என்ற இரும்பு உப்பை வைத்துப் பெர்மாங்கனேட்டின் திறனைக் கண்டுபிடித்துவிடுவோம். (மோர் உப்பு என்றதும் பிள்ளைகள் குடிக்கிற மோரைத்தான் நினைக்கிறார்கள். மோர் என்பது ஜெர்மன் வேதியியலாளர் கார்ல் பிரெடரிக் மோரின் பெயர். 1855இல் டைட்ரேஷன் முறைகளுக்காகவே ஒரு பெரிய புத்தகம் எழுதியவர். இதை நான் ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன்.) அடுத்து 20 மில்லி ஆக்சாலிக் அமிலத்தோடு நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, 60லிருந்து 70 டிகிரிவரை சூடாக்கிப் பியூரெட்டைத் திறக்க வேண்டும். முதல் சொட்டின் நிறம் போக நேரமாகும். வினை நடந்து மாங்கனஸ் அயனி உண்டான பிறகு அதுவே வினையை விரட்டும். அடுத்தடுத்த சொட்டுகள் விழுந்தவுடன் வெளுக்கும். பொறுமை இல்லாத பிள்ளை முதல் சொட்டிலேயே முடிந்துவிட்டது என்று கையைத் தூக்கும்.

அன்றைக்கு வகுப்பு முழுவதும் 19.6, 19.7 என்று எழுதியிருந்தது. ஒரு பெண்ணுக்கு மட்டும் 20.2, 20.2, 20.3. பக்கத்துப் பிள்ளைகள் 19.6 என்று மாற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அவள் என்னிடம் வந்தாள். "டீச்சர், எனக்கு மூணு தடவையும் இருபதுக்கு மேலதான் வருது. நான் என்ன பண்ணட்டும்?"

இன்னொரு தடவை செய்யச் சொல்லிப் பக்கத்திலேயே நின்றேன். பியூரெட்டைப் பெர்மாங்கனேட்டால் அலசினாள். நாசிலில் காற்றுக் குமிழி இல்லாமல் வெளியேற்றினாள். புனலை எடுத்துக் கீழே வைத்தாள். அடர்நிறக் கரைசல் என்பதால் மேல் மட்டத்தை வாசித்தாள். பிப்பெட்டை ஆக்சாலிக் அமிலத்தால் அலசினாள். எல்லாம் நான் சொல்லிக் கொடுத்தபடியே. அப்புறம் கூம்புக் குடுவையை எடுத்தாள். அதையும் ஆக்சாலிக் அமிலத்தால் அலசிக் கொட்டினாள்.

அங்கேதான் பிடிபட்டது. எதை ஊற்றப் போகிறோமோ அதனாலேயே அலச வேண்டும் என்ற விதியை அவள் குடுவைக்கும் சேர்த்துக்கொண்டாள். கொட்டியபின்னும் குடுவையின் சுவரில் அரை மில்லிக்குச் சற்றுக் கூடுதலாக அமிலம் ஒட்டி நிற்கும். பிப்பெட் கொடுத்த 20 மில்லியோடு அதுவும் கணக்கில் சேர்ந்துவிட்டது. 19.6க்குப் பதில் 20.2 என்றால் 3 சதவீதம் அதிகம். 20 மில்லியில் 3 சதவீதம் 0.6 மில்லி. குடுவையைத் தண்ணீரால் மட்டும் கழுவி மறுபடி செய்தாள். 19.6 வந்தது. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! குடுவையில் தண்ணீர் நின்றால் நீர்த்துப் போகாதா என்று கேட்டாள். நீர்த்துப் போகும், ஆனால் உள்ளே போன அமிலத்தின் அளவு மாறாது, நாம் எண்ணுவது அந்த அளவைத்தான் என்றேன். தலையை ஆட்டினாள். புரிந்துகொண்டாள் என்று எனக்குத் தெரிந்தது.

எனக்கு ஒரு வருத்தம் உண்டு. பிழை இத்தனை சதவீதத்துக்குள் இருந்தால் இத்தனை மார்க் என்று வைத்திருப்பதால், நிறையப் பிள்ளைகள் விடையைத் தெரிந்துகொண்டு ரீடிங்கைப் பின்னாலிருந்து உண்டாக்குகிறார்கள். அந்தப் பெண்ணும் அப்படிச் செய்திருந்தால் மார்க் வாங்கியிருப்பாள். குடுவையை எதனால் கழுவ வேண்டும் என்பது மட்டும் கடைசிவரை தெரிந்திருக்காது.


தர்மபுரிப் பக்கம், பால் சேகரிப்பு மையத்தில் வேலை பார்த்தவர்

என் அனுபவத்தை வெளியில் அதிகம் சொன்னதில்லை. இங்கே சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

பாலின் புளிப்பை நாங்கள் லாக்டிக் அமிலச் சதவீதமாக எழுதுவோம். 10 மில்லி பாலில் பினாப்தலீன் சேர்த்து, 0.1 நார்மல் காஸ்டிக்கைச் சொட்டுச் சொட்டாக விடுவோம். பால் வெள்ளையில் லேசாக ரோஜா நிறம் படர்ந்து நின்றால் முடிந்தது. லாக்டிக் அமிலத்தின் சமான எடை 90. ஆகவே ரீடிங்கை 0.09ஆல் பெருக்கினால் நேராகச் சதவீதம் வந்துவிடும். 1.6 மில்லி என்றால் 0.144. வரிசை நீளமாக நிற்கும்போது இந்தப் பெருக்கலைத் தவிர வேறு எதையும் யோசிக்க நேரம் இருக்காது.

ஒரு வாரம் பாலெல்லாம் புளிப்பாகவே வந்தது. 2.1 மில்லி, அதாவது 0.189. எங்கள் மையத்தில் அதைத் திருப்பி அனுப்பிவிடுவோம். வெயில் காலம், கேன் சரியாகக் கழுவவில்லை, கறந்து நேரமாயிற்று என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

ஒரு அம்மா, இரண்டு மாடு வைத்திருப்பவர், மூன்றாவது நாளும் பால் திரும்பியதும் கேனை மேசைமேல் வைத்துவிட்டு நகரவில்லை. "இப்பத்தான் தம்பி கறந்துட்டு வர்றேன், நுரைகூட அடங்கல. கையை வச்சுப் பாரு, சூடு இருக்கு. அதுக்குள்ள எப்படிப் புளிக்கும்?" கையை வைத்துப் பார்த்தேன். மாட்டு மடிச் சூடு அப்படியே இருந்தது. காய்ச்சிப் பாருங்கள் என்றார். காய்ச்சினோம், திரியவில்லை. 0.19 அளவில் பால் காய்ச்சினாலும் திரியாமல் இருக்கக்கூடும் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கேனின் சூட்டுக்கு என்னிடம் பதில் இல்லை.

வரிசையை நிறுத்திவிட்டுக் காஸ்டிக் கேனைப் பார்த்தேன். பிளாஸ்டிக் கேன், மூடி உடைந்து மாதக்கணக்காகிறது. துணி கட்டி வைத்திருந்தார்கள். வெளியே ஒட்டியிருந்த சீட்டில் 0.1 என்று எழுதியிருந்தது. காஸ்டிக் சோடா காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்துக் கார்பனேட்டாக மாறும். பினாப்தலீனில் அந்தக் கார்பனேட்டுக்குப் பாதி வலுதான். நாளாக ஆக, சீட்டில் 0.1 நிற்கும், கேனுக்குள் இருக்காது.

அலமாரியில் ஆக்சாலிக் அமிலம் இருந்தது. 0.63 கிராம் எடைபோட்டு 100 மில்லிக்குக் கரைத்தால் அது சரியாக 0.1 நார்மல். அதில் 10 மில்லி எடுத்தேன். காஸ்டிக் 0.1 ஆக இருந்தால் 10.0 மில்லியில் நிறம் மாற வேண்டும். 10 தாண்டியது. 11 தாண்டியது. 11.8இல் ரோஜா நிறம் நின்றது. அப்படியென்றால் என் காஸ்டிக் 0.0847 நார்மல்.

பழைய ரீடிங்கை எடுத்து மறுபடி கணக்குப் போட்டேன். 2.1ஐ 0.09ஆல் பெருக்கி, 0.847ஆலும் பெருக்கினால் 0.160. அது புதுப் பாலுக்கு இயல்பாக இருக்கக்கூடிய புளிப்புதான்.

அந்த அம்மாவின் பாலை அன்றைக்கு எடுத்துக்கொண்டோம். முந்தைய இரண்டு நாள் பாலுக்கு என்ன செய்ய முடியும்? மேலதிகாரியிடம் எழுதிக் கொடுத்தேன். அந்த வாரம் திருப்பிய பாலுக்குக் காசு கொடுக்க வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள். எத்தனை வீட்டில் எத்தனை லிட்டர் வீணானது என்று என்னால் சொல்ல முடியும், பதிவேட்டில் இருக்கிறது. அதன் பிறகு நான் அங்கே இருந்தவரை ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஆக்சாலிக் அமிலத்தைக் கரைத்துக் காஸ்டிக்கைப் பார்க்காமல் முதல் கேனைத் திறந்ததில்லை.


மட்டக்களப்பு, உயர்தர வகுப்பு ஆசிரியர்

உங்கள் எழுத்தைப் பார்க்கிறபோது சொற்கள் எங்களுக்குக் கொஞ்சம் வேறாக இருக்கின்றன. நாங்கள் நியமிப்பு என்போம், பியூரெட்டை அளவி என்போம், பிப்பெட்டைக் குழாயி என்போம். நீங்கள் நார்மலில் கணக்குப் போடுகிறீர்கள். எங்கள் பிள்ளைகள் மூலில் (நீங்கள் மோல் என்பது) போடுகிறார்கள். நான் சொல்லப்போகும் சம்பவம் இந்த வித்தியாசத்தில் இருந்துதான் வந்தது.

என்னிடம் படித்த ஒரு பொடியனின் தகப்பன் வாகன பற்றரி திருத்தும் கடை வைத்திருந்தவர். பொடியன் பற்றரி அமிலத்தின் செறிவைத் தானே கண்டுபிடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டான். எனக்கும் விருப்பமாக இருந்தது. கையுறை, கண்ணாடி போட்டு, தண்ணீருக்குள்ளே அமிலத்தை மெல்ல விட்டு, 5 மில்லியை 500 மில்லியாக்கினோம். அதில் 25 மில்லியை 0.1 மூலர் சோடியம் ஐதரொட்சைட்டால் நியமித்தான். அளவி 24.0 காட்டியது.

அவன் செறிவையும் கனவளவையும் பெருக்கி இரண்டு பக்கத்தையும் சமப்படுத்தினான். 0.096 வந்தது. நூறு மடங்கு நீர்த்தது, ஆகவே 9.6 மூலர் என்று எழுதினான். தகப்பனிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறான். அவர் திரவத்தின் அடர்த்தியைக் காட்டும் ஐதரோமீற்றரைப் போட்டு 1.28 என்று காட்டி, "அவ்வளவு கடுமையான அசிட்டைப் பற்றரிக்குள்ள விட்டா தகடு நிண்டுபிடிக்குமே தம்பி?" என்று கேட்டிருக்கிறார்.

அடுத்த நாள் புத்தகத்தோடு வந்தான். 1.28 அடர்த்தியுள்ள சல்பூரிக் அமிலம் நிறைப்படி ஏறக்குறைய 37 சதவீதம். லிட்டருக்கு 474 கிராம் வரும். 98ஆல் வகுத்தால் 4.8 மூல். அவனுடைய விடை சரியாக இரண்டு மடங்கு. நான் ஒன்றும் சொல்லாமல் சமன்பாட்டை எழுதச் சொன்னேன். எழுதினான். சல்பூரிக் அமிலத்துக்கு முன்னால் ஒன்றும் சோடியம் ஐதரொட்சைட்டுக்கு முன்னால் இரண்டும் வந்தன. பேனையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். 24.0 மில்லியில் உள்ள காரம் 2.4 மில்லிமூல், அதற்கு அமிலம் 1.2 மில்லிமூல்தான் வேண்டும்.

நார்மலில் போட்டிருந்தால் இந்தப் பிழை வேறு இடத்துக்குப் போயிருக்கும். 0.096 நார்மல் என்பது சரியான விடையே. கடைசியில் கிராமுக்கு மாற்றும்போது 98ஐப் பிடிக்கிறோமா 49ஐப் பிடிக்கிறோமா என்பதில் வந்து மாட்டும். இரண்டு முறையிலும் அந்த இரண்டு எங்காவது ஒரு இடத்தில் வந்தாக வேண்டும். நான் பிள்ளைகளிடம் முதலில் சமன்பாடு, பிறகு மூல், அதற்குப் பிறகுதான் செறிவு என்று வற்புறுத்துவது அந்த நாளில் இருந்துதான்.

அந்தத் தகப்பனைப் பிறகு வகுப்புக்கு ஒருநாள் கூப்பிட்டேன். ஐதரோமீற்றரைக் கொண்டுவந்து பிள்ளைகளுக்குக் காட்டினார்.


கோவை, கால்வனைசிங் ஆலை ஆய்வகம்

எல்லோருக்கும் நன்றி. தர்மபுரி நண்பர் எழுதியதை நேற்று ராத்திரி படித்ததிலிருந்து ஒரே உறுத்தல். எங்கள் காஸ்டிக் கேனுக்கு மூடி இருக்கிறது, ஆனால் கடைசியாக எப்போது சரிபார்த்தேன் என்று யோசித்தால் தேதி நினைவுக்கு வரவில்லை. இன்று காலை முதல் வேலையாக 0.63 கிராம் ஆக்சாலிக் அமிலத்தைக் கரைத்துப் பார்த்தேன். 10 மில்லிக்கு 10.4 மில்லி இறங்கியது. அதாவது 0.0962 நார்மல்.

இன்றைய தொட்டி ரீடிங்கைப் பழையபடி போட்டால் லிட்டருக்கு 71.2 கிராம். திருத்திப் போட்டால் 68.5. தொட்டியை இறக்கி புது ஆசிட் ஏற்றும் முடிவை இந்த வித்தியாசம் மாற்றாது. ஆனாலும் பதிவேட்டில் 71.2ஐ ஒரே கோடால் அடித்து, பக்கத்தில் 68.5 எழுதி, காரணத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கேனில் இருந்த சீட்டையும் கிழித்துவிட்டுப் புதுச் சீட்டில் இன்றைய தேதியோடு 0.0962 என்று எழுதி ஒட்டியாயிற்று.